கருங்கல் கரையிலிருந்து மணல் கரைக்கு

"அம்மா, நான் அலை மேல நிக்கக் கத்துக்கணும்!"

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம், பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு என் மகள் சொன்ன முதல் வார்த்தை இது. லீவு நாட்களில் இவளைத் தையல் வகுப்பில் சேர்க்கலாமா, கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கலாமா என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இவளோ கோவளத்துக்குப் போய் அலைச் சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். நீளமான பலகை மேல் ஏறி நின்றுகொண்டு அலையோடு அலையாகக் கரைக்கு வருவார்களே, சர்ஃபிங் என்று, அதுதான்!

"பொம்பளைப் பிள்ளைக்குக் கடல்ல என்னடி வேலை?" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தேன். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் யோசித்துச் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் திருவொற்றியூர்க்காரி. எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். ஆனால் கடலோடு எங்களுக்குச் சிநேகிதம் கிடையாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். என் பாட்டி வீடு எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடலோரம் இருந்தது. ஐப்பசி மாதத்து ராத்திரி ஒன்றில் கடல் உள்ளே வந்துவிட்டது. அம்மிக்கல்லைத் தவிர மற்றதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினோம். விடிந்து போய்ப் பார்த்தால் வீட்டின் முன்பாதி இல்லை. அடுத்த வருஷம் பின்பாதியும் போயிற்று. இந்த மாதிரி தெருத் தெருவாகக் கடலுக்குக் கொடுத்த ஊர் எங்கள் ஊர். அதற்குப் பிறகுதான் கரை நெடுக லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். "கல்லைத் தாண்டிப் போகாதே" என்று என் அம்மா எனக்குச் சொன்னாள்; நானும் என் மகளுக்கு அதையேதான் சொல்லி வளர்த்தேன். 2004-ல் சுனாமி வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்ட ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

"கடலை ஒட்டியே இருக்கோம். எனக்கு மிதக்கக்கூடத் தெரியாதும்மா. ஒரு நாள் அந்தக் கல்லுல வழுக்கி விழுந்துட்டா நான் என்ன பண்றது?"

பதில் இல்லை. பாட்டிக்கு நீச்சல் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலு தலைமுறையாகக் கடலின் வாசற்படியில் குடியிருந்துகொண்டு, பயத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் கணவர் ஒரு சமாதானம் சொன்னார். "தனியா அனுப்ப முடியாது. உங்கம்மாவும் கூட இறங்கிக் கத்துக்கிறதா இருந்தா போயிட்டு வா." நாற்பத்து நாலு வயதில் இவள் எங்கே இறங்கப் போகிறாள், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை! எனக்கு என்ன வீம்போ தெரியவில்லை. "சரி, நான் இறங்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிலேயே ஆறு வாரம்

கோவளத்தில் சொல்லிக் கொடுக்கும் இடம் ஒன்றுக்கு போன் செய்து விசாரித்தோம். முதல் பாடம் இடுப்பளவு தண்ணீரில்தான் நடக்கும், சொல்லிக் கொடுப்பவர் பக்கத்திலேயே இருப்பார் என்றார்கள். இருந்தாலும் மிதக்கத் தெரியாமல் கடலில் இறங்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே பாடத்தை ஆறு வாரம் தள்ளி வைத்துவிட்டு, பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கும் நீச்சல் குளம் ஒன்றில் அம்மாவும் பெண்ணுமாகச் சேர்ந்தோம்.

முதல் வாரம் மூக்கிலும் காதிலும் தண்ணீர்தான் போயிற்று. இரண்டாவது வாரம் ஒரு உண்மை புரிந்தது. உடம்பை விறைத்துக்கொண்டால் முழுகுகிறோம். தளர்த்தி விட்டால் தண்ணீரே தாங்குகிறது. ஐந்தாவது வாரத்தில் என்னால் மல்லாக்க மிதக்க முடிந்தது, குளத்தின் அகலத்தை நீந்திக் கடக்கவும் முடிந்தது. என் மகள் அதற்குள் நீளவாட்டில் போய்வந்து கொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால் செய்தது டாக்டரைப் பார்த்தது. எனக்கு முழங்கால் வலி அவ்வப்போது உண்டு. ரத்த அழுத்தம், இருதயம், காது எல்லாம் சோதித்து, "தாராளமாகப் போங்கள், காலுக்கு மட்டும் பயிற்சி செய்யுங்கள்" என்றார். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பிணிகளுக்கு இந்த விளையாட்டு கூடவே கூடாது. பலகையில் வயிறு படியப் படுக்க வேண்டியிருக்கும். பிரசவமானவர்கள், முக்கியமாக ஆபரேஷன் ஆனவர்கள், வயிற்றுத் தசைகள் பலப்பட்டு டாக்டர் சரி என்று சொன்ன பிறகே யோசிக்க வேண்டும். காதில் சீழ் வடிபவர்களும், வலிப்பு வருபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

காலுக்குப் பயிற்சி என்றதும் எனக்கு நினைவு வந்தது நம் பிள்ளையார்தான்! தினமும் காலையில் இருபது தோப்புக்கரணம். முழங்காலுக்கும் தொடைக்கும் இதைவிடச் சுலபமான வழி ஏது? அதோடு கோரைப் பாயை விரித்து ஒரு பயிற்சி. குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விலா எலும்புக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். மார்பைத் தூக்கி, ஒரே மூச்சில் உடம்பைக் கையால் தள்ளிக் கால்களை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் திரும்பிய நிலையில் முழங்காலை மடித்து நிற்க வேண்டும். ஆரம்பம் புஜங்காசனம் போல இருக்கும். முடிவு ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பது போல இருக்கும். தினம் பத்துத் தரம் செய்தோம். என் மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, ஏழு செகண்டு!" என்று கிண்டல் செய்வான். கடைசியில் மூன்று செகண்டுக்கு வந்தேன்.

எந்தக் கால் முன்னால் வரும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. நாம் எதிர்பாராதபோது பின்னாலிருந்து ஒருவர் லேசாகத் தள்ள வேண்டும். விழாமல் இருக்க எந்தக் காலை முன்னே வைக்கிறோமோ, அதுவே பெரும்பாலும் பலகையிலும் முன் கால். எனக்கு இடது, மகளுக்கு வலது.

உடுப்பும் தாலியும்

புடைவை, சுடிதார், துப்பட்டா எதுவும் அலைக்கு ஆகாது. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். தளர்ந்த துணி கையிலும் காலிலும் சுற்றும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்து, உடம்பை ஒட்டின முழுக்கை நைலான் பனியனும், கணுக்கால் வரை லெக்கிங்ஸும் இருவருக்கும் வாங்கினோம். இதில் மானமும் காப்பாற்றப்படுகிறது, வெயிலும் உறைக்காது, பலகையில் உராய்ந்து வயிறும் முழங்கையும் சிராய்க்காது.

பெரிய பிரச்சினை தாலிச் சங்கிலி. கடலில் கழுத்தில் சங்கிலி போடக் கூடாது. எதிலாவது மாட்டினால் கழுத்தை இழுக்கும். அறுந்தால் தங்கம் கடலுக்கு. கழற்றவோ எனக்கு மனம் ஒப்பவில்லை. என் மாமியார்தான் வழி சொன்னார்: "இதுக்கு ஏன் இப்படி முழிக்கிற? மஞ்சக் கயித்துல கோத்துக் குட்டையா முடிஞ்சு, பனியனுக்குள்ள போட்டுக்க. கடலுக்குத் தெரியாதா என்ன!" அப்படியே செய்தேன். வளையல், கம்மல், மெட்டி, மோதிரம், ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்தாயிற்று. தலையில் அன்று எண்ணெய் கூடாது, பலகை வழுக்கும். இறுக்கப் பின்னி, ரப்பர் பாண்டு போட்டுக் கொண்டை போட்டால் போதும்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி என் மகள் கேட்டாள். உடம்புக்கு முடிந்தால் தடை ஒன்றும் இல்லை, ஆனால் முதல் பாடத்துக்கு அந்த நாளைத் தவிர்த்துத் தேதி வைத்துக்கொள்வது மனசுக்கு நிம்மதி. நாங்கள் காலண்டரைப் பார்த்துத்தான் தேதி குறித்தோம்.

கூடைக்கார அம்மா சொன்ன கணக்கு

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் உண்டு. செய்தியைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, கடலுக்கு டியூசனா? எங்க பசங்க உடைஞ்ச மரக்கட்டைய வெச்சிக்கினு இதத்தான் ஆடிக்கினு இருந்துச்சுங்க. யாரு துட்டு குட்த்தாங்க?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அலை ஒண்ணா வராது கண்ணு, கூட்டமா வரும். பெருசா ரெண்டு மூணு வந்தா அப்பால கொஞ்ச நேரம் மூச்சு உடும். அந்த மூச்சுலதான் எங்க ஆளுங்க கட்டுமரத்த எறக்குவாங்க. போனதும் தண்ணில குதிக்காத. மொதல்ல குந்திக்கினு எண்ணு."

எவ்வளவு பெரிய பாடம்! தூரத்தில் எங்கோ அடிக்கும் காற்றுதான் அலையைக் கிளப்புகிறது. ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்து வரும்போது அலைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொள்கின்றன. உலகத்தில் சர்ஃபிங் செய்பவர்கள் எல்லோரும் இந்தக் கூட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். நம் காசிமேட்டு அம்மாவுக்கு அது பரம்பரைச் சொத்து.

ராயபுரம் தாண்டும்போது

முதல் பாடம் காலை ஆறரை மணிக்கு. திருவொற்றியூரிலிருந்து கோவளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விடியற்காலையில் அலைந்துகொண்டு போக முடியாது என்று, முதல் நாளே திருவான்மியூரில் இருக்கும் என் ஓரகத்தி வீட்டுக்குப் புறப்பட்டோம். திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பறக்கும் ரயில்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று வந்து வண்டி ராயபுரத்தைத் தாண்டும்போது மகள் கேட்டாள்: "ஏம்மா, கடல் இங்கயே இருக்கே, ஏன் அவ்வளவு தூரம் போறோம்?"

நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அலை ஏறி வராதவர்களே கிடையாது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகு அலை அடியில் பிளந்துவிடும் என்று, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. பக்கத்திலேயே கட்டுமரங்களும் போகும். இந்த வார்த்தைதான் 'கட்டமரான்' என்று இங்கிலீஷுக்கே போயிற்று. 1861-ல் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881-ல் அடித்த புயல் பாதி வேலையை நாசம் செய்தது. விடாமல் கட்டி முடித்தார்கள்.

அங்கேதான் எங்கள் தலையெழுத்து மாறிற்று. நம் கிழக்குக் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே நின்று மறித்தது. தெற்கே தங்கிய மணல்தான் மெரினாவை அவ்வளவு அகலமாக வளர்த்தது. வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போக வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் இருந்த மணலை அலை எடுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. என் பாட்டி வீடு போனது இதனால்தான். கடல் கோபித்துக்கொண்டது என்று பாட்டி சாகும் வரை நம்பினாள். கோபம் ஒன்றும் இல்லை. நம் பங்கு மணல் வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு கருங்கல் சுவர் வந்தது. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் வந்தன. சில இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்தும் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளையை அங்கே இறக்க முடியாது. கல்லில் மோதித் திரும்பும் அலை எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. இன்னும் வடக்கே போனால் எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும் வெந்நீரும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, ஆட்கள் வாளி வாளியாக அள்ளியது நினைவிருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். படகும் வலையும் கறுப்பாகிப் போனவர்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள்தான்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் தாண்டியிருந்தோம். "அப்ப நம்ம மணல் அங்க இருக்கு!" என்று மகள் மெரினாப் பக்கம் கையைக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

கோவளத்துக் காலை

மறுநாள் நாலரைக்கு எழுந்தோம். இருவரும் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பலகையில் குப்புறப் படுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிறும் கூடாது, தலை சுற்றும். ஒன்றரை மணி நேரம் முன்னதாக லேசாகச் சாப்பிடுவது நல்லது. கையோடு தண்ணீர், உப்புப் போட்ட மோர், மாற்றுத் துணி, பெரிய துண்டு, தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டோம். வெயிலுக்குப் பூசும் கிரீமை இறங்குவதற்கு அரைமணி முன்பே மூக்கு, கன்னம், காது மடல், பின் கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் எல்லாம் தடவிக்கொள்ள வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. கோவளம் சிறிய மீனவ ஊர். கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் இருப்பதால் வேண்டுதலுக்கு வருகிறவர்கள் அதிகம். இந்தக் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் சுத்தம், பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தரும் சர்வதேச அங்கீகாரம் அது.

இந்த ஊர்க் கதை கேட்க நன்றாயிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் மரப்பலகைகளில் அலை ஏறி விளையாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவரான மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் இங்கே சர்ஃபிங் பள்ளி நிறுவியவர்களில் ஒருவர். மறு வருஷமே அலைத் திருவிழாவும் நடந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம். அந்த ஊர்ச் சிறுமி கமலி மூர்த்தியையும் அவள் அம்மாவையும் பற்றி எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்தா விருதுக்குப் போட்டியில் நின்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச் சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்து, நம் நாட்டின் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு நுழைந்தது டோக்கியோவில், 2021-ல்தான்.

"இதெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம்" என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டி இருக்கிறாரே, அவர் 1922-ல் கணவரோடு உலகம் சுற்றக் கிளம்பியபோது தென்னாப்பிரிக்காவில் பலகையில் படுத்து அலை ஏறி, பிறகு ஹவாயில் எழுந்து நின்றிருக்கிறார். அப்போது அவர் ஒரு சின்னக் குழந்தைக்குத் தாய்!

மணலில் அரைமணி, தண்ணீரில் ஒரு மணி

சொல்லிக் கொடுத்த தம்பி அந்த ஊர்க்காரர். "அக்கா, பயப்படாதீங்க, முதல்ல கடலைப் பார்க்கலாம்" என்றார். நான் கூடைக்கார அம்மா சொன்னதைச் சொல்லி, உட்கார்ந்து அலைகளை எண்ண ஆரம்பித்தேன். தம்பிக்கு ஒரே ஆச்சரியம். "இதைத்தான் நான் சொல்ல இருந்தேன்" என்றார்.

எங்களுக்குக் கொடுத்தது மெத்தென்ற மேற்பரப்புள்ள ஒன்பதடிப் பலகை. விழுந்தால் அடி படாது, நன்றாக மிதக்கும். அதிலிருந்து ஒரு கயிறு பின்காலின் கணுக்காலில் கட்டப்படுகிறது, பலகை ஓடிப் போகாமலிருக்க. மணலில் பலகையை வைத்து, படுப்பது, கையால் துடுப்புப் போடுவது, எழுவது எல்லாம் செய்து பார்த்தோம். பாய்ப் பயிற்சி கைகொடுத்தது. பிறகு அவர் சொன்ன விதிகளை மனப்பாடமாக எழுதுகிறேன்.

பலகை எப்போதும் நமக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நமக்கும் அலைக்கும் நடுவே இருந்தால் அலை அதைத் தூக்கி நம் மேல் அடிக்கும். விழும்போது தலைகுப்புறக் குதிக்காமல், தட்டையாக, பலகையை விட்டு விலகி விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் வெளியே இழுத்தால் எதிர்த்து நீந்தி மாயக் கூடாது. மிதந்துகொண்டு, கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும். சொறி மீன் பட்டால் மணல் வைத்துத் தேய்க்காமல், கடல் தண்ணீராலேயே கழுவிக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும்.

தண்ணீரில் கால் வைத்தேன். காலடியில் மணல்! வழுவழுவென்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து போகும் மணல். அலை எழும் உயரத்துக்கு ஏறக்குறைய சமமான ஆழம் வந்ததும் அலை உடைகிறது. அடி மணல் மெதுவாகச் சரிந்தால் அலையும் மெதுவாகச் சாய்ந்து, நுரையாகி, நீண்ட தூரம் தள்ளிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் ஒரேயடியாகக் கல்லில் போய் முட்டுகிறது. கடல் ஒன்றுதான். இருபத்தைந்து வருஷமாக மாடியிலிருந்து நான் பார்த்துப் பயந்த அதே அலை, இங்கே என் இடுப்பைத் தொட்டுவிட்டுப் போகிறது.

மகள் நாலாவது தடவையே நின்றுவிட்டாள். இரண்டு நொடி, பிறகு தொப்பென்று விழுந்தாள். தண்ணீருக்கு அடியில் போனவள் மேலே வர எடுத்துக்கொண்ட அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. அவளோ கைகளால் தலையை மூடிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே எழுந்து, சிரித்தாள்.

என் முறை வந்தது. பலகையில் படுத்தேன். "அக்கா, பின்னாடி பார்க்காதீங்க, கரையைப் பாருங்க!" என்று தம்பி ஒரு தள்ளுத் தள்ளினார். பின்னால் அலையின் இரைச்சல் கேட்கிறது. பாட்டி வீட்டு ராத்திரியில் கேட்டதும் இதே இரைச்சல்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பலகை சட்டென்று தூக்கியது. ஊஞ்சல் முன்னால் போகுமே, அப்படி. கண்ணைத் திறந்தால் கரை என்னை நோக்கி ஓடி வருகிறது! எழுந்து நிற்க முடிந்ததா? இல்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்த நிலையில், வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு, மணல் வரை வந்து சேர்ந்தேன். பத்துத் தடவையும் அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

திரும்பி வந்த பிறகு

இரண்டு நாளைக்குத் தோளும் விலாவும் வலித்தன. வெந்நீர் ஒத்தடமும், நல்லெண்ணெய் தேய்த்த குளியலும், மிளகு ரசமும் சரி செய்தன. தலைமுடியை அன்றே நல்ல தண்ணீரில் அலசித் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டால் சிக்கு விழாது. துணிகளையும் உப்புப் போக அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றதல்ல. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி கேட்டால், வெயில் அடித்தாலும் போகாதீர்கள். காற்றே இல்லாதபோதும் தூரத்துக் கடலிலிருந்து திடீரென்று பெரிய அலைகள் வருவதுண்டு, கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது, பேப்பரிலும் டி.வி.யிலும் வரும். சொல்லிக் கொடுப்பவருக்கு உயிர்காக்கும் பயிற்சி உண்டா, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கூட ஒருவர் கரையிலேயே இருந்து பார்த்துக்கொள்வது நல்லது. தனியாக, சொந்தத் தைரியத்தில் மட்டும் யாரும் இறங்காதீர்கள்.

எல்லோரும் அலை மேல் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மிதக்கச் சொல்லிக் கொடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல; ஏரி, குளம், கிணறு பக்கத்தில் இருப்பவர்களும்தான். தையலும் சமையலும் எப்போது வேண்டுமானாலும் கற்கலாம். தண்ணீரில் விழுந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

ஊருக்கு வந்த அன்று சாயங்காலம், அம்மாவும் பெண்ணுமாகக் கருங்கல் சுவரோரம் போய் நின்றோம். அலை முட்டித் தெறித்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கவில்லை. அவளும் கல்லைத் தாண்டவில்லை.

"இரும்மா, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

நானும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தேன்.